தடுக்கி வுழுந்தது யாரு?

அந்தப் படத்தைப் பற்றிக் கடலூரில் கருத்துச் சொல்லாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் அந்த மாதம் வெளியூர் போயிருந்தவராகத்தான் இருக்க வேண்டும். படத்தின் பெயர் ‘தாளம் தப்பிய பாளையம்’. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. ஒரு குட்டிப் பாளையக்காரர். அவர் சபையில் யாரும் பேசக் கூடாது, எதுவானாலும் பாடித்தான் சொல்ல வேண்டும். வரி கட்ட முடியாத குடியானவன் தன் பஞ்சத்தைப் பாட்டாகப் பாடுகிறான். கோழி திருடியவன் குற்றத்தைப் பாடியே ஒப்புக்கொள்கிறான், சுருதி விலகியதற்குத் தனியாக நாலு கசையடி வாங்குகிறான். இப்படியே பதினேழு பாட்டு.

ஓ.டி. என்கிற பழைய டவுன் பக்கத்து மீன்காரப் பையன்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, கடலுக்குப் போகும்போது படகிலும் அந்தப் பாட்டையே அலறவிட்டார்கள். ‘இதெல்லாம் ஒரு படமா’ என்று பாதியில் எழுந்து வந்த வக்கீல் ஒருவர், தான் பார்க்காத கடைசிக் காட்சியைப் பற்றித்தான் அதிகம் பேசினார். படத்தையே பார்க்காதவர்கள் டிரைலரை வைத்து மார்க் போட்டார்கள். ‘குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம்’ என்று ஒருத்தர் வாட்ஸப்பில் போட, ‘குடும்பத்தோடு போகாதீர்கள், வீட்டுக்கு வந்ததும் சண்டை வருகிறது’ என்று அடுத்தவர் அதற்குக் கீழேயே போட்டார். சிரிப்பு வந்தவனுக்கு அது ஏன் வந்தது என்று தெரியவில்லை. வராதவனுக்குப் பக்கத்துச் சீட்டுக்காரன் சிரித்தது பொறுக்கவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல எதற்கு இத்தனை வாய்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது சும்மா சொன்னதா?

இந்த வாய்களிலெல்லாம் பெரிய வாய் கார்த்திகேசனுடையது. குறிஞ்சிப்பாடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். சனி ஞாயிறு வந்துவிட்டால் பட்டிமன்றப் பேச்சாளர். சுவரொட்டிகளில் அவர் பெயருக்கு முன்னால் ‘நகைச்சுவை நாவேந்தர்’ என்று இருக்கும். அந்தப் பட்டத்தை எந்தச் சபை கொடுத்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், அச்சகத்துக்காரர் என்று உண்மையைச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

“ஹார்மோனியமே வராத காலத்துல ஹார்மோனியம் வாசிக்கிறான் சார். ரசத்துல தக்காளி மெதக்குது. அந்தக் காலத்துல தக்காளி ஏது நம்ம ஊர்ல? எடுத்தவனுக்கு மூளை இல்ல, பாக்கறவனுக்கு ரோஷம் இல்ல” என்று ஆசிரியர் அறையில் முழங்கினார். தக்காளி விஷயத்தை அவருக்குச் சொன்னது வரலாற்று ஆசிரியர். மறுநாளே அது கார்த்திகேசனின் சொந்தக் கண்டுபிடிப்பாகிவிட்டது. அடுத்தவருடையதைத் தனதாக்குவதிலும், தன்னுடையதை அடுத்தவர் தலையில் கட்டுவதிலும் அவர் கை தேர்ந்தவர். அவருடைய பிழைப்பே அதில்தான் இருந்தது.

எப்படி என்றால், பட்டிமன்ற மேடையில் எந்தத் தலைப்பு கொடுத்தாலும் அவர் சுற்றிச் சுற்றித் தன் மனைவி சந்திரலேகாவிடம் வந்து நிற்பார். ‘எங்க வீட்டு அம்மணி’ என்று ஆரம்பிப்பார். அம்மணிக்குச் சில்லறை எண்ணத் தெரியாது. அம்மணி விருத்தாசலம் போகிற பஸ் என்று விழுப்புரம் பஸ்ஸில் ஏறிவிடுவார். அம்மணி குக்கரில் அரிசி போடாமல் தண்ணீரை மட்டும் வைத்துவிட்டு விசிலுக்குக் காத்திருப்பார். நிஜத்தில் சந்திரலேகா மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறவள். விழுப்புரம் பஸ்ஸில் ஏறியவர் யார், வெறும் குக்கரை அடுப்பில் ஏற்றியவர் யார் என்பது அந்த வீட்டுச் சுவர்களுக்குத் தெரியும்.

அவருடைய வித்தையில் ஒரு சூட்சுமம் உண்டு. எந்த ஊர்க் கூட்டமானாலும் சந்திரலேகா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஜோக்கை முடித்ததும் கை நீட்டி, “அதோ, பச்சைப் புடவை கட்டிக்கினு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்காங்களே, அவுங்கதான்” என்பார். கூட்டம் மொத்தமும் திரும்பும். அவள் லேசாகச் சிரித்துத் தலையைக் குனிந்துகொள்வாள். அங்கேதான் சிரிப்பு இரட்டிப்பாகும். ஒருமுறை சேத்தியாத்தோப்பில் கூட்டம். அவளுக்குக் காய்ச்சல், போகவில்லை. அதே ஜோக்குகளைச் சொல்லிக் கையை நீட்டினார், நீட்டிய இடத்தில் காலி நாற்காலி. நாலு பேர்கூடச் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு காய்ச்சலோ தலைவலியோ, அவளை அவர் விட்டுவிட்டுப் போனதில்லை. அவள் கூட வருவதை ஊரில் எல்லாரும் ஒற்றுமை என்று பேசிக்கொண்டார்கள்.

இப்போது பொங்கல் வருகிறது. சென்னையில் ஒரு டிவி, தன் பொங்கல் பட்டிமன்றத்துக்குப் புது முகங்களைத் தேடிக்கொண்டிருந்தது. கார்த்திகேசனின் பெயரும் அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. ஒரு முறை அந்த டிவியில் முகம் தெரிந்துவிட்டால் அப்புறம் துபாய், சிங்கப்பூர், மலேசியா. பல வருஷமாக அவர் தூக்கத்தில்கூட விரும்பியது அதைத்தான். ‘சிதம்பரத்தில் உங்கள் கூட்டம் ஒன்று இருக்கிறதாமே, அதை எங்கள் தயாரிப்பாளர் தீபிகா நேரில் வந்து பார்ப்பார்’ என்று சொல்லியிருந்தார்கள்.

சிதம்பரத்துக் கூட்டம் வியாபாரிகள் சங்க ஆண்டு விழா. ஊரே அந்தப் படத்தைப் பற்றி அடித்துக்கொள்வதால் அதையே தலைப்பாக வைத்துவிட்டார்கள். ‘தாளம் தப்பிய பாளையம்: சிரிக்க வைக்கிறதா, சிரிப்பாய்ச் சிரிக்கிறதா?’ நடுவர் பேராசிரியர் சடையப்பன், ஓய்வுபெற்றவர். கார்த்திகேசன் எந்த அணி என்று அவர் போனில் கேட்டபோது, “ஐயா, சிரிப்பாய்ச் சிரிக்கிறதுதான். அந்தக் குப்பைய நான் கிழிச்சுத் தோரணம் கட்டறேன்” என்றார்.

அந்தப் படத்தின் மேல் அவருக்கு ஏன் இவ்வளவு காட்டம்? தக்காளியும் ஹார்மோனியமும் ஒரு சாக்கு. உண்மையான காரணம் தியேட்டரில் நடந்தது.

படத்தில் ஒரு கோணங்கி வருகிறான், சபை விதூஷகன். தினமும் தன் பெண்டாட்டியைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாளையக்காரரைச் சிரிக்க வைப்பதுதான் அவன் உத்தியோகம். தண்ணி எடுக்கப் போனாள், தடுக்கிக் குளத்தில் விழுந்தாள். எருமைக்கு வைத்த புண்ணாக்கை இட்லிக்குத் தொட்டுக்கொண்டாள். சபை உருண்டு புரண்டு சிரிக்கும். பெண்டாட்டியின் முகத்தையே காட்ட மாட்டார்கள், அடுப்படியிலிருந்து பாத்திரச் சத்தம் மட்டும் கேட்கும். கடைசியில் ஒருநாள் அவள் சபைக்கே வந்து நிற்கிறாள். வாத்தியக்காரர்கள் எல்லாம் கருவியை எடுத்துக்கொண்டு அவள் பாடக் காத்திருக்கிறார்கள். அவள் பாடவில்லை. அந்தப் படத்தில் பாடாமல் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். பேசுவதும் ஒரே வரி.

“சிரிச்சீங்க, சரி. தடுக்கி வுழுந்தது யாரு?”

கோணங்கியின் தலைப்பாகை மூக்குவரை இறங்குகிறது. குளத்தில் விழுந்தது, புண்ணாக்கைத் தின்றது எல்லாம் அவனேதான் என்று சபைக்கு அப்போதுதான் புரிகிறது. அவள் திரும்பி நடந்து போய்விடுகிறாள். போகிற வழியில்தான் அவளுடைய ஒரே பாட்டு, படத்தின் கடைசிப் பாட்டு.

தியேட்டரே அதிர்ந்தது. கார்த்திகேசன் தன் பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். சந்திரலேகா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்தவில்லை, தலையைக் குனியவில்லை. முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, விக்கி விக்கிச் சிரித்தாள். அவருடைய எந்த ஜோக்குக்கும் அவள் இப்படிச் சிரித்ததில்லை. அவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“இதுல சிரிக்க இன்னா இருக்கு?” என்று வெளியே வந்ததும் வண்டியை உதைத்துக்கொண்டே கேட்டார்.

“சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்.”

“மட்டமான படம்.”

“உங்களுக்கு மட்டம்னா மட்டந்தான்” என்று சொல்லிப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவள் ஒப்புக்கொண்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஆசிரியர் ஆயிற்றே, அடுத்தவர் சொல்வதைக் கேட்டுப் பழக்கமில்லை.

படத்தின் அந்த ஒரு வரி அதற்குப் பிறகு அவரை விரட்டிக்கொண்டே இருந்தது. கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் உடைந்தால், பின் பெஞ்சிலிருந்து ‘தடுக்கி வுழுந்தது யாரு?’ என்று ஒரு குரல். டீக்கடையில் கிளாஸ் உடைந்தால் அதே வரி. அவர் போகிற இடமெல்லாம் அது முன்னாலேயே போய் நின்றது.

சிதம்பரம் அவருக்கு மாமியார் ஊர். அந்த ஊரில் பேசுவதென்றால் ஒரு எச்சரிக்கை வைத்திருந்தார். அவருடைய சட்டைப் பையில் இருக்கும் ஜோக்குகளில் பெரியது சம்பா ஜோக். தமிழ்நாடு முழுவதும் சொல்லிக் கைதட்டல் வாங்கியது. சிதம்பரத்தில் மட்டும் அதை வாயில் எடுக்க மாட்டார். காரணம், அந்த விஷயம் நடந்ததே சிதம்பரத்தில், அவருடைய தலைதீபாவளி அன்று.

கார்த்திகேசன் நெல்லிக்குப்பத்துக்காரர். அப்பா, தாத்தா எல்லாரும் கரும்பு போட்டு ஆலைக்கு அனுப்பியவர்கள். அவருக்குச் சம்பா என்றால் நெல், சம்பாப் பட்டத்து நெல். சிதம்பரத்துக்காரர்களுக்குச் சம்பா என்றால் மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்துப் போட்டு நெய் விட்டுக் கிளறிய சாதம். கோயிலில் படைப்பது, கத்தரிக்காய் கொத்சு வைத்துச் சாப்பிடுவது. புது மாப்பிள்ளை இலையில் உட்கார்ந்தார். மாமியார் தில்லையம்மாள் கரண்டியோடு வந்து, “சம்பா வெக்கட்டுங்களா மாப்ள?” என்று கேட்டார்.

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து, “எங்க பக்கம் சம்பா வெக்கறதில்லீங்க, கரும்புதான் வெக்கறோம்” என்றார்.

அந்த வீட்டில் அன்று சிரித்த சிரிப்பில் பட்டாசுச் சத்தம் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பை அவர் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. பட்டிமன்ற மேடை கிடைத்ததும் செய்த முதல் வேலை, கதையைத் திருப்பிப் போட்டு அதை அம்மணியின் தலையில் கட்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமே சந்திரலேகாவை அழைத்துக்கொண்டு சிதம்பரம் வந்துவிட்டார். மாமியார் வீட்டில் சாப்பாடு. “முட்டி வலிக்குது மாப்ள, நான் எங்க வரப்போறேன்? நீங்க போயி நல்லா பேசுங்க” என்றார் தில்லையம்மாள். கார்த்திகேசனுக்கு அது தேனாக இனித்தது.

தெற்கு வீதியில் கல்யாண மண்டபம். நாலு மணிக்கெல்லாம் கூட்டம் நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் சந்திரலேகா, அதே பச்சைப் புடவையில். அவளுக்கு நாலு நாற்காலி தள்ளி தீபிகா, முப்பது வயதுகூட இருக்காது, மடியில் போன்.

முதலில் படத்துக்காகப் பேச வந்தவர் எழிலரசி, சேத்தியாத்தோப்பில் வக்கீல். அவர் ஹார்மோனியத்தைப் பற்றியே பேசவில்லை. “நடுவர் அவர்களே, இந்தப் படம் புடிக்கலன்னு சொல்றவுங்கள நான் கவனிச்சுப் பாத்தேன். எல்லாரும் ஒரே காட்சியிலதான் பாத்ரூமுக்கு எழுந்து போறாங்க. கோணங்கியோட சம்சாரம் சபைக்குள்ள காலெடுத்து வைக்கிற காட்சி! அப்போ மட்டும் ஏங்க இத்தனை ஆம்பளைங்களுக்கு அவசரம்?” என்றார். பெண்கள் பக்கம் கூரை பிய்ந்தது. தீபிகா போனை உயர்த்திப் படம் பிடித்தார். கார்த்திகேசன் மேடையில் உட்கார்ந்தபடி அலட்சியமாக உதட்டைப் பிதுக்கினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவள் என்னடா என்றால் பார்க்கிறவன் கண் கோணல் என்கிறாள் என்று மனத்துக்குள் ஒரு பழமொழியை முறுக்கித் தயாராக வைத்துக்கொண்டார்.

அவர் முறை வந்தது. முறுக்கிய பழமொழியைச் சொன்னார். நடுவர் மட்டும் சிரித்தார், அது அவர் கடமை. ஹார்மோனியத்தை எடுத்தார். “அத வுடு சார், பாட்டு நல்லா இருக்குதில்ல?” என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான். தக்காளியை எடுத்தார். தக்காளி அழுகிப்போயிருந்தது, எல்லாரும் ஏற்கெனவே அதை வாட்ஸப்பில் படித்தவர்கள். விழுப்புரம் பஸ்ஸில் ஏறினார், குக்கரை வைத்தார். லேசாக இரண்டு மூன்று இருமல் மாதிரி சிரிப்பு வந்தது. தீபிகாவின் கட்டைவிரல் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தது. பொங்கல் கண்ணெதிரே பொங்கி வடிந்துகொண்டிருந்தது.

மேடை விளக்கின் கூச்சத்தில் இரண்டாவது வரிசைக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. மாமியார் வீட்டில் முட்டியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். இந்தக் கூட்டத்தில் யாருக்குத் தெரியப் போகிறது? நுணலும் தன் வாயால் கெடும் என்று வகுப்பில் வருஷா வருஷம் நடத்துகிறவர்தான். நடத்துவது வேறு.

“நடுவர் அவர்களே, சிரிப்புக்கு எதுக்குங்க சினிமா? எங்க வீட்டுக்கு வாங்க. கல்யாணம் ஆன புதுசு. எங்க ஊரு நெல்லிக்குப்பம், கரும்புக்காரங்க. அம்மணியோ இந்தச் சிதம்பரத்துப் பொண்ணு. ஒருநாள் எங்கப்பா வந்து, ‘இந்த வருஷம் கரும்ப வுட்டுட்டு சம்பா வெக்கலாம்னு இருக்கேன்’னு சொல்றாரு. அம்மணி நேரா அடுப்பாங்கரைக்குப் போயி, மொளகு சீரகத்த வறுத்துக்கினே, ‘எத்தினி பேருக்கு வெக்கணும் மாமா?’ன்னு கேக்கறாங்க!”

சிதம்பரத்துக் கூட்டத்துக்கு அது உள்ளூர்ச் சரக்கு. சிரிப்பு குபுக்கென்று எழுந்தது. தீபிகா நிமிர்ந்தார், போனையும் உயர்த்தினார். கார்த்திகேசனுக்கு உயிர் வந்தது. கையை நீட்டினார். “அதோ, பச்சைப் புடவை கட்டிக்கினு...”

“தடுக்கி வுழுந்தது யாரு மாப்ள?”

பெண்கள் பக்கத்துத் தூணருகிலிருந்து வந்தது அந்தக் குரல். வயதான குரல், ஆனால் மைக் தேவையில்லாத குரல். தில்லையம்மாள் தெருப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கி அரைமணி நேரம் ஆகியிருந்தது. அந்தப் படத்தை இரண்டு முறை பார்த்தவர் அவர். முட்டி வலி தியேட்டருக்குப் போக ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை.

வரி படத்து வரி. ஆனால் ‘மாப்ள’ படத்தில் இல்லை. “மாமியாருடா!” என்று ஒருத்தன் கத்தினான். அவ்வளவுதான். நாற்காலிகள் கிரீச்சிட்டன, விசில் பறந்தது, முறுக்கு விற்க வந்தவர்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். ஆண், பெண், படத்தை ரசித்தவன், ரசிக்காதவன் எல்லாரும் ஒரே குரலில், கைதட்டித் தாளம் போட்டு, “தடுக்கி வுழுந்தது யாரு? தடுக்கி வுழுந்தது யாரு?” என்று கேட்டார்கள். படத்தைப் பற்றி அந்த ஊர் ஒருமனதாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

நடுவர் சடையப்பன் மணியை அடித்து அடித்து ஓய்ந்தார். அவரும் பழம் தின்று கொட்டை போட்டவர், கிடைத்ததை விடுவாரா? “சபையே கேக்குது. தீர்ப்புச் சொல்ல வேண்டியது நானில்ல. அம்மா, நீங்களே மைக்க வாங்கிச் சொல்லுங்கம்மா” என்றார்.

ஒரு பையன் மைக்கை எடுத்துக்கொண்டு ஓடினான். சந்திரலேகா எழுந்தாள். கார்த்திகேசன் மேடையிலிருந்து அவளைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று பார்த்தார். பொங்கல், டிவி, சிங்கப்பூர், அத்தனையும் அவள் வாயில் இருந்தது. அத்தனை வருஷம் ஊர் ஊராக அவளைக் காட்டிச் சிரிக்க வைத்தவர் இப்போது பயந்துபோய் அவளிடம் கண்ணால் கெஞ்சினார்.

“நான்தாங்க” என்றாள் சந்திரலேகா.

“அட!” என்று கூட்டம் தளர்ந்தது. தூணருகில் தில்லையம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். கார்த்திகேசனுக்கு நெஞ்சுக்குள் ஜில்லென்று தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. என்ன இருந்தாலும் என் பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டு, வெற்றிச் சிரிப்போடு கூட்டத்தைப் பார்த்தார்.

“நான்தான் தடுக்கி வுழுந்தேன்” என்று அவள் தொடர்ந்தாள். வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டுகிற குரல், ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. “ஆனா அந்தச் சம்பா விஷயத்துல இல்ல. அதுக்கு முன்னாடி ஆவணி மாசம். இதே ஊர்ல, தாலி கட்டினப்ப.”

மைக்கைப் பையனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். தலையைக் குனியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சிரிப்பு என்று சொன்னால் போதாது. எழிலரசி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார். கார்த்திகேசனும் சிரித்தார், மேடையில் நிற்கிறவன் சிரிக்காமல் இருக்க முடியுமா? சிரிக்கச் சிரிக்க முகம் எரிந்தது. தீர்ப்பு என்ன என்று யாரும் கேட்கவில்லை. ‘சிரிக்க வைக்கிறது’ என்று நடுவர் சொன்னதும் யார் காதிலும் விழவில்லை.

கூட்டம் கலைந்தபோது தீபிகா நேராக அவரிடம் வந்தார்.

“சார், செம! இந்த மாதிரி ஒரு டைமிங்க நான் பாத்ததே இல்ல. அந்தப் பாட்டியம்மா, அப்புறம் மேடம், எல்லாமே உங்க செட்டப்தானே? மேடம் சொன்னாங்களே கடைசியா, அந்த லைன் நீங்க எழுதிக் குடுத்ததா?”

சந்திரலேகா இரண்டடி தள்ளி, அம்மாவின் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழுகிற தூரம்தான். கார்த்திகேசன் அவளைப் பார்த்தார், பிறகு தீபிகாவைப் பார்த்தார். ஒரு நிமிஷம் தயங்கினார் என்று சொல்ல ஆசைதான். தயங்கவில்லை.

“ஆமாம்மா. நான்தான் எழுதிக் குடுத்தேன். வீட்ல ரிகர்சல் பாத்துட்டுத்தான் வந்தோம்.”

“சூப்பர் சார். பொங்கலுக்கு அப்படியே வேணும். மேடம் முன் வரிசையில கட்டாயம் இருக்கணும், அது முக்கியம்.”

“அவுங்க இல்லாமலா?” என்றார் நாவேந்தர்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் சந்திரலேகா, பக்கத்தில் அவர். பஸ் பு.முட்லூரைத் தாண்டியிருந்தது. இருட்டிவிட்டது, ஜன்னல் காற்றில் உப்பு வாடை அடித்தது. அவமானம் சிதம்பரத்திலேயே இறங்கிக்கொண்டது, இப்போது அவர் மடியில் பொங்கல் மட்டும்தான் இருந்தது. கூட வேறு ஒரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ‘தாலி கட்டினப்ப’ வரியைத் தானே சொல்வது போல மாற்றினால் எப்படி இருக்கும்? ‘நான் ஒரே ஒரு முறைதான் தடுக்கி வுழுந்தேன், ஆவணி மாசம்...’ நன்றாக இருந்தது. நன்றாகவே இருந்தது. தான் எழுதியதாகவே அவருக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

“சந்திரா, பொங்கலுக்கு மெட்ராஸ் போவணும். டிவிக்குப் பச்சை எடுக்காது. பட்டுல ஒண்ணு புதுசா எடுத்துடலாம்.”

“நான் வரலீங்க.”

“வரலியா? இன்னா வெளையாடறியா? நீ முன்னாடி உக்காரலன்னா நான் யாரக் காட்டிப் பேசுவேன்?”

சந்திரலேகா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். “யாரையாவது உக்கார வெச்சு எழுதிக் குடுங்க. நீங்கதான எழுதிக் குடுக்கறீங்க.”

கார்த்திகேசனுக்குச் சேத்தியாத்தோப்பில் கையை நீட்டிய இடத்தில் இருந்த காலி நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது. அவள் நிஜமாகவே வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கெஞ்சினாலும் வரமாட்டாள். அவரைப் பாவம் என்றுகூட யாரும் சொல்ல மாட்டார்கள், அவளே சொல்லமாட்டாள். அது அவருக்கு வலித்தது.

ஆலப்பாக்கத்தில் பஸ் நின்று கிளம்பியது. அவள் ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டு, வாய்க்குள்ளேயே எதையோ பாடிக்கொண்டு வந்தாள். ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாரே மட்டமான படம், மட்டமான பாட்டு என்று, அந்தப் படத்துப் பாட்டுத்தான். கோணங்கியின் பெண்டாட்டி சபையைவிட்டுத் திரும்பி நடக்கும்போது வருகிற கடைசிப் பாட்டு. அதில் கோணங்கி கிடையாது.